மெரியை நான் சாகவிட்ட கதை

மெரியை இதுவரை முப்பது தடவையாவது சாகவிட்டிருப்பேன். பதற வேண்டாம், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தில் வரும் அந்தக் குட்டையன் மெரியைத்தான், அதுவும் படத்தை வைத்து எடுத்த வீடியோ கேமில்தான் சொல்கிறேன்.

பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், போன வாரம் ஆபீஸில் ஒரு தம்பி, "படத்தை வச்சு எடுத்த கேம் எதுவுமே உருப்பட்டதில்லண்ணா" என்று ஒரே போடாகப் போட்டான். முக்கால்வாசி அவன் சொல்வது சரிதான். மீதிக் காலுக்காகத்தான் இந்தப் பதிவு.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம். வீட்டில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், தீபாவளிக்குத் துணி எடுக்கப் பொள்ளாச்சி. 2005-இல் துபாயில் இருந்த மாமா லீவுக்கு வந்தபோது டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டி, ஒரு பிளேஸ்டேஷன் 2 கொண்டுவந்தார். கூடவே நாலு டிஸ்க். மூன்று கார் ரேஸ், ஒன்று 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்', அதாவது 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் படத்தின் கேம். கார் ரேஸ் பத்து நாளில் சலித்துவிட்டது. மற்றது ஒரு வருஷம் ஓடியது.

அந்தக் கேம் 2003 நவம்பரில் வந்தது, பீட்டர் ஜாக்சனின் படம் டிசம்பரில். படத்துக்கு முன்னாலேயே கேம் கதையைச் சொல்லிவிட்டது. மூல நாவல் 1955-லேயே வந்துவிட்டதால் யாரும் பெரிதாகச் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள். படக் காட்சி ஓடிக்கொண்டே இருக்கும், அப்படியே கரைந்து கேமாக மாறும். எது படம், எது கேம் என்று ஒரு நொடி தடுமாறுவோம். முதல் தடவை படம்தான் இன்னும் ஓடுகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓர்க் என்ற அரக்கர் கூட்டம் வந்து வெட்ட ஆரம்பித்த பிறகுதான் ஜாய்ஸ்டிக்கைத் தேடினேன். மந்திரவாதி கேண்டால்ஃபுக்கு, படத்தில் நடித்த இயன் மெக்கெல்லனின் சொந்தக் குரல். பாதி இங்கிலீஷ் புரியவில்லை, ஆனாலும் அந்தக் குரலில் ஏதோ திட்டு வாங்கிய மாதிரி இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெலனோர் சமவெளிச் சண்டை. மெரியும் ஏயோவின் என்ற போர்வீராங்கனையும் களத்தில் நிற்பார்கள். அவர்கள் உயிருக்குத் தனித்தனியாகக் கோடு உண்டு. அதில் ஒன்று தீர்ந்தாலும் ஆட்டம் காலி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஹீரோக்களில் நான் அரகார்ன், மாமா பையன் கிம்லி. எதிரே ராட்சத யானைகள். தரையில் ஈட்டிகள் குத்தி வைத்திருக்கும், பிடுங்கி எறியலாம். எறிவது அவ்வளவு சுகம். அந்தச் சுகத்தில் நாங்கள் இருவரும் யானையையே பார்த்துக்கொண்டிருப்போம். பின்னால் வேடிக்கை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன் மலையாளத்தில் கத்துவான்: "எடா, மெரி சாவும்!" திரும்பிப் பார்ப்பதற்குள் கோடு தீர்ந்திருக்கும்.

ஒரு நாள் ராத்திரி எல்லாம் கூடி வந்தது. யானைகள் விழுந்தன. நாஸ்கூல் என்ற பேய்ச் சவாரிக்காரர்களின் தலைவன் பறந்து வந்துவிட்டான், இரண்டு கோட்டிலும் இன்னும் உயிர் இருக்கிறது. கரண்ட் போய்விட்டது. லெவல் முடிந்தால்தான் எட்டு எம்பி மெமரி கார்டில் சேவ் ஆகும். இருட்டில் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அத்தை மெழுகுவத்தியோடு வந்து, "யாராவது செத்துட்டாங்களாடா?" என்றார்.

படத்தில் இதே சண்டையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிரமாதமான காட்சி. ஆனால் ஏயோவின் ஜெயிப்பாள் என்று எனக்குத் தெரியும், மெரி பிழைப்பான் என்று தெரியும். நான் டீ குடிக்க எழுந்து போனாலும் பிழைப்பான். கேமில் நான் கொஞ்சம் அசந்தால் அவன் செத்தான். ஹீரோவாக இருப்பது பெரிய விஷயமே இல்லை, வாள் சுழற்றுவதற்கு ஆயிரம் கேம் இருக்கிறது. படம் நமக்காகப் பார்த்துக்கொண்ட ஒரு ஆளை நம் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகிறதே, அதைத்தான் சொல்கிறேன். கோட்டைச் சுவரில் சாத்தும் ஏணிகளும் அப்படித்தான். படத்தில் சில நொடியில் கடந்து போகும். கேமில் ஒவ்வொரு ஏணியாக ஓடி ஓடி உதைத்துத் தள்ள வேண்டும். ஒன்றைத் தள்ளினால் அந்தக் கோடியில் இன்னொன்று. அதற்கப்புறம் படத்தில் அந்த ஏணிகளைப் பார்த்தபோது எனக்குக் கை வலித்தது.

குறை இல்லாமல் இல்லை. கேமராவை நாம் திருப்ப முடியாது, அது காட்டுவதுதான் காட்சி. திரைக்கு வெளியிலிருந்து ஓர்க் வந்து முதுகில் போடுவான், நாம் காற்றில் வாள் வீசிக்கொண்டிருப்போம். கேம் எடுத்தவர்கள் கையில் இருந்தது பட உரிமை மட்டும்தான், அப்போது புத்தக உரிமை வேறு கம்பெனியிடம். நாவலில் இருந்து படத்தில் விடுபட்ட டாம் பாம்படில் என்ற பாத்திரம் இந்தக் கேமிலும் கிடையாது. அவர் அந்த இன்னொரு கம்பெனியின் 2002 கேமில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தம்பி சொன்ன முக்கால்வாசிக்கும் காரணம் உண்டு. படத்துக்கு ரிலீஸ் தேதி குறித்தாயிற்று, அதற்குள் கேம் வந்தாக வேண்டும். 1982-இல் 'ஈ.டி.' படத்துக்கு அடாரி கம்பெனி போட்ட கேமை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆள் ஐந்து வாரம் சொச்சத்தில் எழுதி முடித்தார். கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வந்தே ஆக வேண்டும் என்ற அவசரம். விற்காத கேசட்டுகளை அடுத்த வருஷம் நியூ மெக்சிகோவில் அலமொகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-இல் தோண்டி எடுத்தும் காட்டினார்கள். நம் பக்கம் 2017-இல் 'பாகுபலி'க்கு ஒரு மொபைல் கேம் வந்தது. கோட்டை கட்டு, படை சேர், மணிக்கணக்கில் காத்திரு. கட்டப்பாவை எடுத்துவிட்டு வேறு யாரை வைத்தாலும் அதே கேம்தான். படத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த வேறு ஏதோ ஒன்று.

எனக்கு ஒரு ஆசை உண்டு. இந்தியாவின் முதல் 3டி படம் 'மை டியர் குட்டிச்சாத்தான்', 1984, எங்கள் கேரளத்தில் எடுத்தது. மந்திரவாதியின் பிடியில் சிக்கிய குட்டிச்சாத்தானைச் சின்னப் பிள்ளைகள் விடுவிப்பார்கள். அதை யாராவது கேமாக எடுத்தால் தயவுசெய்து என்னைக் குட்டிச்சாத்தானாக ஆக்க வேண்டாம், அந்தப் பிள்ளைகளில் ஒருவனாக விடுங்கள். மந்திரமே தெரியாமல் அவனை ஒளித்து வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

போன ஓணம் லீவில் ஊருக்குப் போனபோது மாமா பையன் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கி வைத்திருந்தான். தூசி தட்டினால் ஓடுகிறது! இருவருக்கும் தொப்பை போட்டுவிட்டது. பெலனோரே போட்டோம். "மாப்ள, ஈட்டி பக்கம் போகாத, மெரிகிட்ட நில்லு" என்று முன்னாடியே சொல்லி வைத்தேன். சரி சரி என்று தலையாட்டினான். வீட்டில் இப்போது இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்ட் பயம் இல்லை. யானை வந்ததும் போய்விட்டான்.

நானும்தான்.