ப்ரோ, ரிவெர்ப் இல்லாமல் அனுப்புங்க ப்ரோ!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பாட்டுக்குத் தங்கள் இடத்திலிருந்தே வாசித்துப் பதிந்து அனுப்பும் கலைஞர்களின் வாசிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து, வியர்க்க விறுவிறுக்க வீட்டில் பாடி வைத்த டெமோவுக்கு வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்து ஒருவர் புல்லாங்குழல் வாசித்து அனுப்புகிறார் என்பதே பெரிய விஷயம்தான். ஆனால் அந்த ஃபைல் இருக்கிறதே, அதைத் திறந்தாலே பிபி ஏறுகிறது.

கேட்கும்போதே எல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். வேகம் 92 பிபிஎம் (நிமிடத்துக்கு 92 பீட்), சுருதி இரண்டரைக் கட்டை, சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்பது) 48 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத 24 பிட் வேவ் ஃபைல், ரிவெர்ப் என்னும் எதிரொலி மாதிரி எஃபெக்ட் எதுவும் வேண்டாம், நீங்கள் எங்கே வாசித்தாலும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே எக்ஸ்போர்ட் பண்ணுங்கள். கேட்டு வாசிக்க, தாளம் தட்டும் கிளிக் தனி டிராக், வழிகாட்ட என் கைடு குரல் தனி டிராக் என்று நானே அனுப்புகிறேன். உடனே ஒரு கட்டைவிரல் வந்துவிடும். வந்து சேருவது என்ன? ஒலியைச் சுருக்கிய எம்பி3. அதுவும் அவர் ஊத ஆரம்பித்த இடத்திலிருந்து வெட்டியது, பெயர் 'நியூ ரெக்கார்டிங் 37'. இது பல்லவிக்கு அப்புறம் வரும் பிட்டா, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருவதா என்று நான் ஜோசியம் பார்க்க வேண்டும்.

சாம்பிள் ரேட் கதை இன்னும் மோசம். 44.1-ல் பதிந்த ஃபைலை மாற்றாமல் 48 ப்ராஜெக்டில் ஓடவிட்டால் வேகமும் கூடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கீக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு செமிடோன்) ஏறும். இரண்டரைக் கட்டைப் பாட்டில் குழல் மட்டும் மூன்று கட்டையைத் தாண்டி, நாலு கட்டையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கேட்டால், "இங்க சரியாத்தான் இருக்கு ப்ரோ".

தாள வாத்தியக்காரர்கள் தனி ரகம். "கிளிக் வெச்சா ஃபீல் போயிடும் சார்" என்பார்கள். சரி, மேடையில் நாலு பேர் முகம் பார்த்து வாசிக்கும்போது அது நியாயம், நானே அந்தக் கட்சி. ஆனால் இங்கே ஏற்கெனவே ப்ரோகிராம் பண்ணிய டிரம்ஸ் ஓடுகிறது, பேஸ் ஓடுகிறது, அதற்கு மேல்தானே நீங்கள் உட்கார வேண்டும்? உங்கள் ஃபீல் மூன்றாவது நிமிடத்தில் அரை பீட் முன்னால் போய்விட்டால் நான் எதை இழுத்து எதோடு ஒட்டுவது? ராத்திரி முழுக்க ஒவ்வொரு தாளச் சொல்லாக வெட்டி நகர்த்தினால் கடைசியில் மிஞ்சுவது ஃபீலா? இன்னும் சிலர் ப்ளூடூத் இயர்போனில் கேட்டுக்கொண்டே வாசிப்பார்கள். அதில் 150, 200 மில்லி செகண்ட் தாமதம் சாதாரணம். 92 பிபிஎம்மில் ஒரு பீட்டின் கால் பங்கே 163 மில்லி செகண்ட்தான் ஐயா! ஒயர் வைத்த பழைய ஹெட்போன் போதுமே.

போனில் பதிகிறவர்களைக்கூட நான் திட்ட மாட்டேன், எல்லோரிடமும் மைக் இருக்காது. ஆனால் அந்த நாய்ஸ் குறைக்கும் வசதியை மட்டுமாவது அணைக்கக் கூடாதா? மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் நாதம் மெல்ல அடங்கும் இடத்தை அது இரைச்சல் என்று நினைத்து அப்படியே விழுங்கிவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ரிவெர்ப். "சும்மா டச்சப் பண்ணி அனுப்பியிருக்கேன்" என்று ஒருவர் சொன்னால் எனக்கு அடிவயிறு கலங்கும். குரல் சின்ன அறையில் இருக்கிறது, வயலின் மட்டும் கோயில் பிரகாரத்தில் கேட்கிறது. சாம்பாரில் கரைந்த உப்பு அது, இனிமேல் எடுக்க முடியாது. இரண்டு ஃபைலாகக் கொடுங்கள் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. உங்கள் ரிவெர்ப் எப்படி வேண்டும் என்று காட்ட ஒன்று, வெறும் வாசிப்பு ஒன்று, எக்ஸ்போர்ட் பட்டனை இன்னொரு தடவை அமுக்கினால் முடிந்தது. பணம் கொடுத்துத்தானே கேட்கிறேன்?

இத்தனையும் பொறுத்துக்கொண்டேன். இன்றைக்கு வந்த வயலின் ஃபைலில் பின்னாலேயே என் கைடு குரலும் கிளிக்கும் சேர்ந்து ஓடுகிறது, மொத்த மிக்ஸையும் அப்படியே ஒரே ஃபைலாக பவுன்ஸ் பண்ணி என் பாட்டை எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். வயலினை மட்டும் தனியாக அனுப்புங்கள் அண்ணே என்று கேட்டேன். "மிக்ஸிங்ல மத்ததைக் குறைச்சுக்கோங்க தம்பி" என்கிறார்.