நடக்கப் போகிறீர்களா, காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்

மலைப்பக்கமோ கடலோரமோ ஒரு நாள் நடந்துவிட்டு வரலாம் என்றாலே நம்மில் பலர் முதலில் கார் சாவியைத்தான் தேடுகிறோம். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. காரில் போனால் அதை நிறுத்திய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதியில் திரும்ப வேண்டும், இல்லையென்றால் வரைபடத்தில் எப்படியாவது ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தை முடிப்பதற்காகவே கடைசி ஒரு மணி நேரம் தார்ச்சாலை ஓரமாக லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும். உள்ளூர் ரயிலில் போனால் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, மலையைத் தாண்டி நடந்து, அடுத்த ஸ்டேஷனில் ஏறிவிடலாம். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. எனக்கு நடை என்றால் அதுதான். ஓரிடத்தில் கிளம்பி இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

நான் நடந்ததிலேயே மறக்க முடியாதது இங்கிலாந்தின் வடக்கே, செட்டில் – கார்லைல் ரயில் பாதையில் ரிபிள்ஹெட் ஸ்டேஷனிலிருந்து டென்ட் ஸ்டேஷன் வரைக்கும். ரிபிள்ஹெட்டில் இறங்கி வண்டி கிளம்பிப் போனதும் பிளாட்பாரத்தில் ஓர் அமைதி வரும் பாருங்கள், காற்றும் ஆடுகளும் தவிர வேறு சத்தமே இருக்காது. கொஞ்ச தூரத்தில் 24 வளைவுகளோடு அந்தக் கல் பாலம் நிற்கும். பாதை தண்டவாளத்தை ஒட்டியே போகிறது. பிளே மூர் ரயில் சுரங்கப்பாதைக்குச் சற்று முன்னால் மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்றைத் தொட்டிப் பாலம் கட்டித் தண்டவாளத்துக்கு மேலேயே கொண்டு போயிருக்கிறார்கள். தண்ணீருக்குப் பக்கத்திலேயே நாமும் தாண்டுகிறோம், கீழே ரயில் பாதை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் 736 மீட்டர் உயரமுள்ள வெர்ன்சைடு மலை மேல் ஏறி, மறுபக்கம் பள்ளத்தாக்கில் இறங்கி, டென்ட் ஸ்டேஷனுக்காக மறுபடியும் செங்குத்தாக ஏற வேண்டும். அந்த ஸ்டேஷன் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கிலாந்தின் பிரதான ரயில் பாதைகளில் அதைவிட உயரத்தில் வேறு ஸ்டேஷன் கிடையாது. டென்ட் என்கிற ஊரோ அங்கிருந்து 6 கிலோமீட்டருக்கும் மேல், கீழே பள்ளத்தாக்கில். ஆகவே ஸ்டேஷன் பெயரை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வரைபடத்தில் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது, ஊர் எங்கே இருக்கிறது, நடுவில் எவ்வளவு ஏற்றம் என்று மூன்றையும் பாருங்கள்.

நேரக் கணக்குக்கு நான் நம்புவது 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதியை. சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இதில் உட்காரும் நேரமும் இல்லை, சேற்றில் கால் புதையும் நேரமும் இல்லை. நான் வருகிற கணக்கோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்கிறேன். இன்னொன்று, காலையில் முதலில் தூரத்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டு, வண்டிகள் அதிகம் நிற்கும் ஸ்டேஷனை நோக்கி நடந்து வாருங்கள். கடைசியில் அரை மணி நேரம் பிந்தினாலும் இன்னொரு வண்டி இருக்கும். ஒரு நாளைக்கு நாலு வண்டி மட்டுமே நிற்கிற ஸ்டேஷனை முடிவிடமாக வைத்துக்கொண்டால் மனம் முழுக்கக் கடிகாரத்திலேயே இருக்கும், வழியில் ஒன்றையும் பார்க்க மாட்டீர்கள். தூரத்து ஸ்டேஷன் வரைக்கும் போக வர டிக்கெட் எடுத்துக்கொண்டு வழியில் வேறு ஸ்டேஷனில் ஏறலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில குட்டி ஸ்டேஷன்களில் நாம் கையைக் காட்டினால்தான் வண்டி நிற்கும் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

கடலோரம் என்றால் ரயில் நேரத்தோடு கடலின் நேரத்தையும் பார்க்க வேண்டும். கடல் ஏற்றம் பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு தடவை வருவதால், இன்று காலை 9 மணிக்கு வந்தது நாளை ஏறக்குறைய 9.50-க்குத்தான் வரும். போன வாரம் இதே நேரத்துக்கு மணல் அகலமாகக் கிடந்தது என்று இந்த வாரம் போகக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் இன்னும் மேலே ஏறும். நானே ஒரு தடவை பாறைச் சுவருக்கும் அலைக்கும் நடுவே இருந்த மணலில் முனையைச் சுற்றிவிடலாம் என்று போய், மணல் குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் செருப்பளவு இடம்தான் மிச்சம் என்றானபோது திரும்பி ஓடி வந்தேன். வண்டி போய்விட்டது, அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அதனால் என்ன, நனையாமல் வந்தேனே. அன்றிலிருந்து அன்றைய ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்க்காமல் கடலோரம் கிளம்புவதில்லை.

ஆற்று முகத்துவாரமும் அப்படித்தான். இங்கிலாந்தின் தெற்குக் கரையில் சீஃபர்ட் ஸ்டேஷனிலிருந்து ஈஸ்ட்போர்ன் ஸ்டேஷன் வரை வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளின் மேலேயே ஒரு நாள் முழுக்க நடக்கலாம். ஆனால் நடுவில் கக்மியர் ஆறு கடலில் சேருகிறது. அக்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், பாலமோ உள்ளே தள்ளி இருக்கிறது. அதுவரை போய்ச் சுற்றி வரத்தான் வேண்டும். பாறை விளிம்பிலிருந்தும் நன்றாகத் தள்ளியே நடங்கள், அந்தச் சுண்ணாம்பு அடிக்கடி சரிகிறது.

இத்தாலியின் சிங்குவே தெர்ரே ஐந்து ஊர்களையும் ரயிலே கோத்து வைத்திருக்கிறது, களைத்த இடத்தில் ஏறிக்கொள்ளலாம். அங்கேயும் ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் நடுவே உள்ள பாதை 2012-ல் பாறை சரிந்து மூடப்பட்டு 2024-ல்தான் முழுசாகத் திறந்தது. போகும் முன் பாதை திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. இந்தக் குட்டி ஸ்டேஷன்கள் தானாக நிலைத்துவிடவில்லை. செட்டில் – கார்லைல் பாதையில் 1970-ல் சின்ன ஸ்டேஷன்களையெல்லாம் மூடினார்கள். 1975-ல் நடப்பவர்களுக்கென்றே டேல்ஸ்ரெயில் என்று வார இறுதி வண்டிகள் விட்டு, மூடிய பிளாட்பாரங்களில் சிலவற்றைத் திறந்தார்கள். அப்படியும் எண்பதுகளில் பாதையையே மூடப் பார்த்தது அரசு. ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபம் எழுதினார்கள், அதில் ரஸ்வார்ப் என்ற நாயின் கால்தடமும் ஒன்று. கட்டணம் செலுத்திப் பயணம் செய்த நாய் என்பதால் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். 1989 ஏப்ரலில் மூடும் திட்டத்தை அரசு கைவிட்டது. அடுத்த ஜனவரியில் அந்த நாயும் அதை வளர்த்தவரும் ரயிலேறி வேல்ஸ் மலைகளுக்கு நடக்கப் போனார்கள். அவர் திரும்பவில்லை. 11 வாரம் கழித்து உடல் கிடைத்தபோது, அந்தக் குளிர்காலம் முழுவதும் நாய் அவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. கார்ஸ்டேல் ஸ்டேஷனில் அதற்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியைக் காலை 11 மணிக்கு விடும் அட்டவணைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நடக்க வருகிறவருக்குத் தேவையானது அந்த எட்டு மணி வண்டிதான். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் பதினொன்றுக்கு இறங்கி எங்கே நடப்பது? ஆளில்லை என்று வண்டியைக் குறைக்கிறார்கள், வண்டி குறைந்ததால் ஆள் வருவதில்லை. உங்கள் பாதையில் கால அட்டவணை பற்றிக் கருத்துக் கேட்டால் இரண்டு வரியாவது எழுதிப் போடுங்கள், எந்த ஸ்டேஷன், எந்த நேரம், எதற்காக என்று குறிப்பாக. நான் போன வாரம் ஒன்று எழுதினேன், ஞாயிறு காலை எட்டு மணி வண்டி வேண்டும் என்று.