டூத்பேஸ்ட் தேய்த்தால் கார் திரையின் கீறல் போகுமா?

புதுக் காரின் டச் ஸ்கிரீனில் மெல்லிய கீறல் விழுந்தால், வெள்ளை டூத்பேஸ்ட்டைத் தடவித் தேய்த்தால் மறைந்துவிடும் என்றொரு யோசனை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

டூத்பேஸ்ட்டில் கால்சியம் கார்பனேட், சிலிக்கா போன்ற தேய்க்கும் பொடிகள் இருக்கின்றன. மங்கிப்போன ஹெட்லைட்டில் தேய்த்தால் ஓரளவு பளபளப்பு வரும், உண்மைதான். அது தடித்த பிளாஸ்டிக். மேலே கொஞ்சம் தேய்ந்தாலும் பாதகமில்லை. திரை அப்படியல்ல. பெரும்பாலான கார் திரைகளின் மேல் கண்கூச்சத்தைக் குறைக்கவும், கைரேகை படியாமலிருக்கவும் மிக மெல்லிய பூச்சு இருக்கும். பேஸ்ட் முதலில் உரிப்பது அதைத்தான். கீறல் அங்கேயே இருக்கும்; சுற்றிலும் ஒரு மங்கல் திட்டு கூடுதலாக வந்துசேரும். சாய்வெயில் பட்டால் அது மட்டும் தனியாகத் தெரியும். போன பூச்சை வீட்டில் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

முதலில், அது திரையில்தான் விழுந்ததா என்று பாருங்கள். ஷோரூமில் உரிக்காமல் விட்ட பாதுகாப்புப் படலத்தில் கீறல் விழுந்திருப்பதும் உண்டு. ஓரத்தை நகத்தால் நெருடினால் தெரிந்துவிடும்.

திரையில்தான் என்றால், பளபளப்பில்லாத (மேட்) ஸ்கிரீன் கார்டு, அதாவது திரைமேல் ஒட்டும் பாதுகாப்புப் படலம், ஒட்டலாம். மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கிவிடும். அப்புறம், துடைப்பதற்கு லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணி போதும். தூசியோடு வறட்டுத் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள், மணல் துகள் கண்ணாடியையே கீறும்.

டெலிவரி எடுக்கும்போதே கீறலைப் பார்த்துவிட்டால், கையெழுத்துப் போடும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.