"சிரிக்கப் பழகுங்க" என்று யாரிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் மகிழ்ச்சியைப் பற்றி ஒருவர் வந்து பேசினார். அங்கே நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். நேற்று ராத்திரி மட்டும் ஆறு பேர் அந்தப் பேச்சின் வீடியோவை அனுப்பிவிட்டார்கள், "அருமையான பேச்சு, கட்டாயம் கேளுங்கள்" என்று. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். முழுவதும் கேட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பேச்சாளர் திரையில் காட்டிய வட்டம் வந்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் மகிழ்ச்சியில் 50 சதவீதம் பிறவியிலேயே வருவது, 40 சதவீதம் நம் கையில், சூழ்நிலைக்கு 10 சதவீதம்தான் என்றார். அப்புறம்தான் ஒரு பெரியம்மா எழுந்தார். "மாண்டலேயில் என் மகள் வீடு நிலநடுக்கத்தில் போயிடுச்சு தம்பி, மனசு ஆறவே மாட்டேங்குது" என்றார். "அம்மா, அது அந்த 10 சதவீதம். சிரிக்கப் பழகுங்க" என்று பதில் வந்தது. மண்டபமே கைதட்டியது. பெரியம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே மெதுவாக உட்கார்ந்தார். வீடியோவில் அது இல்லை. கேமரா மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

துக்கத்தில் இருப்பவரிடம் போய் "மகிழ்ச்சி உன் கையில்தான் இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சரி, அந்த வட்டத்துக்கே வருவோம். 2005-இல் சோன்யா லூபோமிர்ஸ்கியும் இன்னும் இரண்டு ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையில் வந்தது அது. மகிழ்ச்சி ஆளுக்கு ஆள் ஏன் வித்தியாசப்படுகிறது என்பதற்கான கணக்கு. ஒருவருடைய மகிழ்ச்சியைத் துண்டு போட்டுக் காட்டும் கணக்கு இல்லை. எல்லாரும் ஏறக்குறைய ஒரே வசதியில் இருக்கும் இடத்தில் சூழ்நிலையின் பங்கு சின்னதாகத்தான் தெரியும். வீடு இடிந்தவரையும் இடியாதவரையும் பக்கத்தில் நிறுத்தினால் அப்படியா தெரியும்? அந்த 40 சதவீதம் கூடுதலாகச் சொன்னதாக இருக்கலாம் என்று எழுதியவர்களில் இரண்டு பேரே பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் 24,000-க்கும் மேற்பட்டவர்களை 15 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வேலை போனவர்கள் மறுபடி வேலை கிடைத்த பிறகும் பழைய மன நிறைவுக்கு முழுதாகத் திரும்பவில்லை என்கிறது அது. சூழ்நிலை அப்படி மனசில் தழும்பு விட்டுப் போகும்.

"அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்" என்பீர்கள். இருக்கலாம். "காசு வாங்காமல் வந்து பேசினாரே" என்பீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "நடைப்பயிற்சி, நல்ல தூக்கம், நன்றி சொல்வது இதெல்லாம் உதவாதா?" உதவும். நானும் செய்கிறேன். ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரு நேரம் உண்டு. ஆறவில்லை என்று வாய்விட்டுச் சொன்னவரிடம், ஆறாதது உன் தப்பு என்று திருப்பிவிடுவது எந்த மனோதத்துவம்?

மியன்மாரில் நர்கிஸ் புயல் அடித்த 2008-இல் எங்கள் வீட்டுக் கூரை போனது. அடுத்த மாதமே அப்பாவும் போய்விட்டார். அம்மா பேச்சையே நிறுத்திவிட்டார். சொந்தக்காரர்கள் வந்து தைரியம் சொன்னார்கள், "பிள்ளைகளுக்காகவாவது சிரித்த முகமாக இரு" என்றார்கள். எதிர் வீட்டுப் பர்மிய அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காலையில் தூக்குச்சட்டியில் மொகிங்கா, அதாவது மீன் சாறு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், கொண்டுவந்து வைப்பார். அப்புறம் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, தன் வீட்டுக்கு வாங்கிய புளிச்சகீரையை முறத்தில் கொட்டி ஆய்ந்துகொண்டிருப்பார். அம்மா தூணில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருபது நாளுக்கு மேல் இப்படியே போனது. ஒருநாள் அம்மா கை நீட்டி முறத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு காம்பைக் கிள்ளினார். நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

அதே 2008-இல்தான் எலிசபெத் டன் என்ற மனோதத்துவ ஆய்வாளர் கனடாவில் நடத்திய ஆய்வு வெளிவந்தது. காலையில் 5 டாலரோ 20 டாலரோ கையில் கொடுத்து, சிலரைத் தங்களுக்கே செலவு செய்யச் சொன்னார்கள், சிலரைப் பிறருக்கு. சாயங்காலம் பார்த்தால் பிறருக்குச் செலவு செய்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷத்தில் இருந்தார்கள். தொகை 5 ஆனாலும் 20 ஆனாலும் வித்தியாசமில்லை. அந்தப் பர்மிய அம்மாவிடம் இதைச் சொன்னால் இதற்கு எதற்கு ஆய்வு என்றுதான் கேட்பார். தெருமுனையில் தண்ணீர்ப் பானை வைத்து, தினமும் கழுவி நிரப்புகிற ஊர் இது. உலகக் கொடைப் பட்டியலில் 2014 முதல் நான்கு ஆண்டு நம் நாடு முதலிடத்தில் இருந்தது. அதே காலத்தில் வந்த உலக மகிழ்ச்சிப் பட்டியல்களில் நூறுக்கும் பின்னால். ஆக, சிரிக்கத் தெரியாத ஜனங்கள் என்று எங்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள். கஷ்டத்திலும் கொடுக்கத் தெரிந்த ஜனங்கள் நாங்கள்.

"இவ்வளவு பேசுகிறாயே, அன்றைக்கு எழுந்து கேட்டிருக்கலாமே" என்று ஒரு தம்பி காலையில் எழுதியிருந்தார். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது மட்டுமா, எல்லாரும் தட்டியபோது நானும் இரண்டு தட்டு தட்டினேன். மூன்று நாளாகத் தூக்கம் வராததற்குக் காரணம் அந்தப் பேச்சாளர் இல்லை, இதுதான்.

நாளை சாயங்காலம் பெரியம்மாவைப் பார்க்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் ஐந்து மணிக்குக் கோயில் வாசலுக்கு வாருங்கள். அங்கே யாரும் அறிவுரை சொல்ல வேண்டாம். அவர் பேசினால் கேட்போம். பேசாவிட்டால் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவோம்.