மே மாசத்துக் கம்பளிக் கோட்டு

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் பக்கம் என்ன நடந்தது என்று இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கார்டுப் பணம் திருடுகிறவன் என்று ஒரு பையனை நடு ரோட்டில் மடக்கினோம். வீடியோவை நான் போட மாட்டேன், அந்தப் பையன் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. பார்சல் கொடுக்க வந்தவன். பையில் ஸ்வைப்பிங் மெஷின் இருந்தது. அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதற்கு முன்னால், தெரு குரூப்பில் அந்த மெசேஜ் வந்த அன்றைக்கே, "இது உண்மையான்னு யாராவது பார்த்தீங்களா?" என்று ஒரே ஒரு வரி கேட்டேன். "மெடிக்கல் ஷாப்காரருக்கு ஊர் நல்லா இருந்தா புடிக்காதே" என்று பதில் வந்தது. அதற்கு நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். எழுதியது யார் என்று சொல்லப்போவதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஷட்டரைத் தூக்கி அவர் அம்மாவுக்கு இன்சுலின் எடுத்துக் கொடுத்தவன் நான். சரி, அது வேற கதை.

மெசேஜ் என்ன சொன்னது? திருவொற்றியூர் – பிராட்வே பஸ்ஸில் ஒரு கும்பல் ஸ்வைப்பிங் மெஷினோடு ஏறுகிறதாம். நெரிசலில் உங்கள் பாக்கெட்டில் மெஷினை ஒட்டினால் பின் நம்பர் இல்லாமலேயே 4,999 ரூபாய் போய்விடுமாம். கூடவே ஒரு படம். படத்தில் இருப்பவர் கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட கம்பளிக் கோட்டில் நிற்கிறார். தண்டையார்பேட்டையில், மே மாசத்தில்! இங்கே நாம் பனியனையே கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஒருத்தருக்காவது உறைக்க வேண்டாமா? கடைசி வரியில் "கார்டை உடனே பிளாக் செய்ய" என்று ஒரு பத்து இலக்க மொபைல் நம்பர். நான் பயந்தது அதைப் பார்த்துத்தான். எந்த பாங்கு முன்பின் தெரியாத மொபைல் நம்பரில் கார்டை பிளாக் செய்கிறது? உங்கள் கார்டைத் திருப்பிப் பாருங்கள், பாங்கின் நம்பர் அதிலேயே அச்சடித்திருக்கும்.

என் கடையிலும் ஸ்வைப்பிங் மெஷின் இருக்கிறது. அதை வாங்க பான் கார்டு, கடை லைசென்ஸ், பாங்கு கணக்கு என்று ஒரு கட்டு பேப்பர் கொடுத்தேன். அதில் வசூலாகிற பணம் கைக்கு வராது. என் பேரில் இருக்கும் கணக்கில்தான் விழும். அந்த மெஷினை வைத்துத் திருடினால், திருடியவன் தன் வீட்டு விலாசத்தையே எழுதிக் கொடுத்துவிட்டுத் திருடுகிறான் என்று அர்த்தம். இன்னொன்று. கடைக்கு வருபவர்கள் கார்டை மெஷின்மேல் வைத்தே பாதி நேரம் எடுக்க மாட்டேன் என்கிறது. "இன்னொரு வாட்டி வைங்கம்மா" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்கிறேன். நாலைந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பர்ஸில் இரண்டு கார்டு சேர்ந்து இருந்தால் எதை எடுப்பது என்று தெரியாமல் முழிக்கும்.

முடியவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 5,000 ரூபாய் வரைக்கும் பின் இல்லாமல் டேப் செய்யலாம், அதாவது கார்டை மெஷின்மேல் வைத்தாலே போதும் என்பது உண்மை. 2,000 ஆக இருந்ததை 2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உயர்த்தியது. அந்த 4,999 அங்கிருந்துதான் வருகிறது. நல்ல பொய்யில் ஒரு சிட்டிகை நிஜம் இருக்கத்தானே செய்யும். பயமாக இருந்தால் பாங்கு ஆப்பைத் திறந்து டேப் வசதியை அணைத்துவிடுங்கள். வெளிநாட்டு உபயோகத்தையும் அணையுங்கள். ஆன்லைன் லிமிட்டை ஆயிரமாகக் குறையுங்கள். இந்த வசதியை 2020 அக்டோபரிலிருந்து எல்லா பாங்கும் கொடுத்தாக வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. அந்த மெசேஜை இருபது பேருக்கு அனுப்ப அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

ஆனால் திருடன் பஸ்ஸில் வரவில்லை, போனில் வருகிறான். இதைத்தான் நான் குரூப்பில் சொல்ல வந்தேன். சொல்ல விடவில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என்னிடமே வந்தான். வீட்டில்கூட ரொம்ப நாள் சொல்லாத விஷயம் இது, இங்கே எழுதுகிறேன். ஏடிஎம்மில் கார்டைப் போடுவதற்கு முன் கேன்சல் பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் பின்னைத் திருட முடியாது, ரிசர்வ் வங்கியே சொன்னது என்று ஒரு மெசேஜ் சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? அது பொய் என்று மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபியின் ஃபேக்ட் செக் பிரிவே சொன்னது. நான் அதை நம்பினேன். நாலு பேருக்கு அனுப்பினேன். பல மாதம் பயபக்தியோடு இரண்டு தடவை அமுக்கினேன். கோயிலில் தோப்புக்கரணம் போடுகிற மாதிரி. அப்படி அமுக்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் "சார், உங்க கிரெடிட் கார்டு ரிவார்டு பாயின்ட் இன்னிக்கு ராத்திரியோட முடியுது" என்று ஒரு போன் வந்தது. கடையில் கூட்டம். ஒரு கையில் மாத்திரை அட்டை, ஒரு கையில் போன். ஓடிபியைப் படித்துச் சொன்னேன். 18,400 ரூபாய். அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே 18,400 என்று எழுதியிருந்தது, எந்தக் கடைக்கு என்றும் இருந்தது. ஆறு நம்பரை மட்டும் பார்த்தேன், தொகையைப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம், வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தது. பாங்கில் போய் நின்றபோது "ஓடிபி நீங்கதானே குடுத்தீங்க?" என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தப்பும் பாங்கின் தப்பும் இல்லாமல் வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போனால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், பாங்கில் சொல்லும் வரைக்கும் போனது உங்கள் பாடு, சொன்ன பிறகு போவது பாங்கின் பாடு. அதனால் பணம் போன உடனே 1930, சைபர் குற்றத்துக்கான புகார் நம்பர். அடுத்த நிமிஷம் பாங்கு. பணம் எந்தக் கணக்கில் போய் நிற்கிறதோ அங்கேயே மடக்கத் தோதுப்படும். நான் இரண்டு நாள் கழித்துப் போனேன், அதற்குள் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"எச்சரிக்கையா இருந்தா என்ன தப்பு? ஒருத்தர் தப்பிச்சாலும் லாபம்தானே" என்கிறார்கள். எதிலிருந்து தப்பித்தார் என்று சொல்லுங்களேன். 2022இல் கார் கண்ணாடி துடைக்கிற சிறுவன் கை வாட்சால் ஃபாஸ்டேகிலிருந்து, அதாவது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டோல் ஸ்டிக்கரிலிருந்து, பணம் உறிஞ்சுகிறான் என்று ஒரு வீடியோ வந்தது. நடிப்பு. அப்படி எடுக்கவே முடியாது என்று ஃபாஸ்டேகை நடத்துகிற என்பிசிஐ விளக்கம் கொடுத்தது. காரே இல்லாத நம் தெருவில் அது எத்தனை குரூப்பில் வந்தது! அதன் பிறகு சிக்னலில் துணியோடு வருகிற பிள்ளைகளை எப்படி விரட்டினோம் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

"நீ பாங்குக்காரனுக்கு வக்காலத்தா?" என்றும் ஒருத்தர் கேட்டார். ஆமாம், மாசாமாசம் மெஷின் வாடகை பிடிக்கிற பாங்குக்கு நான்தான் வக்காலத்து. போங்க சார்.

ஒரு விஷயம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். வயசானவர்களுக்கு எது பொய், எது நிஜம் என்று பார்க்கத் தெரியாது. அவர்களைக் குறை சொல்லவில்லை. மெசேஜில் தேதி இருக்கிறதா, எந்த ஸ்டேஷனில் புகார் என்று இருக்கிறதா, பல தடவை ஃபார்வர்டு ஆனது என்று காட்டும் இரட்டை அம்புக்குறி மேலே இருக்கிறதா என்று பார்ப்பது படித்த பிள்ளைகளின் வேலை. குரூப்பில் அந்த மெசேஜை முதலில் போட்டது இன்ஜினியரிங் முடித்த பிள்ளை.

எனக்கு உண்மையில் வலித்தது இதெல்லாம் இல்லை. அந்த மெசேஜில் "வடசென்னை பஸ்ஸில்" என்று எழுதியிருந்தது. திருடன் என்றால் வடசென்னை, கத்தி என்றால் வடசென்னை என்று மற்றவன் சொல்லும்போது வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறோம். நம் ஊர்ப் பேரில் வந்த பொய்யை நாமே நூறு குரூப்புக்கு அனுப்பினோம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனை நடு ரோட்டில் நிறுத்தி, பையைக் கொட்டி, "எத்தினி பேரு கார்டுல எடுத்த?" என்று கேட்டோம். கேட்டவர்களில் இரண்டு பேர் என் கடையில் கடன் சொல்லி மருந்து வாங்குபவர்கள். பழவேற்காடு இங்கிருந்து எவ்வளவு தூரம்? 2018 மே மாசம் பிள்ளை பிடிக்கிறவன் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஒரு மனுஷனை அங்கே அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். யாரும் கொல்லணும் என்று ஃபார்வர்டு பண்ணவில்லை. எல்லோரும் எச்சரிக்கைதான் பண்ணினார்கள்.

அந்தப் பையன் சாயங்காலம் என் கடைக்கு வந்தான். உதட்டில் வெட்டு. பஞ்சும் டிஞ்சரும் கொடுத்தேன், காசு வேண்டாம் என்றேன். "இல்லண்ணா, வாங்கிக்கோங்க" என்று முப்பது ரூபாயை நீட்டினான். மெஷினில் ஒரு ஓரம் விரிசல் விட்டிருந்தது. கம்பெனியில் அதற்குச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று என்னிடம் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே திருச்சியிலிருந்து அக்கா மகள் ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அதே கம்பளிக் கோட்டு, அதே 4,999, அதே மொபைல் நம்பர். பஸ் மட்டும் சத்திரம் – திருவெறும்பூர். கீழே, "ஜாக்கிரதையா இருங்க மாமா, மெட்ராஸ்லயும் வந்துட்டாங்களாம்."