"பாமினியில அடிச்சிட்டு வாங்க" என்றவருக்கு

ஞாயிற்றுக்கிழமை மலர்க்குழுக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

நான் யூனிகோட்டில் அடித்து அனுப்பிய கட்டுரை, தலைப்பில் உள்ளதைச் சொன்னவருடைய கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்திருக்கிறது. அது நடக்கிறதுதான். ஆனால் இருபது பேருக்கு முன்னால், "தம்பி, யூனிகோட் எல்லாம் தமிழுக்குச் சரிவராது, பாமினியில அடிச்சிட்டு மறுகா வாங்க" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாரே, அதுதான் சுடுகிறது.

பாமினி ஒரு பழைய தமிழ் எழுத்துரு. யூனிகோட் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வைத்திருக்கும் பொது முறை. திரையில் தமிழ் தெரிவது வேறு, கோப்புக்குள் தமிழ் இருப்பது வேறு.

பாமினியில் 'அம்மா' என்று அடித்துவிட்டு எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கோப்பில் இருப்பது அந்த ஐந்தும்தான். கணினிக்கு எழுத்து என்றால் எண். ஆங்கிலச் சின்ன எம்முக்கு ஆஸ்கி என்ற பழைய எண் பட்டியலில் 109. அந்த 109க்கு மேல் அகரத்தின் படத்தை ஒட்டி வைத்ததுதான் பாமினி. யூனிகோட்டில் அகரத்துக்கென்றே 2949 என்ற எண் இருக்கிறது. கல்முனையில் திறந்தாலும் கனடாவில் திறந்தாலும் அது அகரம்தான். 1991இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கிவிட்டார்கள். நாம் இன்னும் எம்முக்கு மேல் படம் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

கட்டம் வந்ததற்கு என் கட்டுரையில் பிழை இல்லை. எண்கள் சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவற்றை வரைய அங்கே எழுத்துரு இல்லை.

"அச்சகத்தில் பேஜ்மேக்கர்தானே, அதில் யூனிகோட் வராதே" என்பீர்கள். உண்மை, பக்கம் அமைக்கும் அந்தப் பழைய மென்பொருளில் வராது. அச்சுக்குப் போகும் கடைசி நாளில் பாமினிக்கு மாற்றுங்கள், நான் மறிக்கவில்லை. மூலத்தை யூனிகோட்டில் வையுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். "கை பழகிவிட்டது" என்பவர்களுக்கு: அதே பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோட்டில் அடிக்கலாம், பல வருசமாக அடிக்கலாம். "இடம் கூடுதலாகப் பிடிக்கிறது" என்று ஒரு சேர் சொன்னார். ஆம், யூனிகோட்டைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். மட்டக்களப்பு என்ற சொல்லுக்கு, புள்ளிகளையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணினால் 12 குறியீடு, 36 பைட். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து கிடைக்கும்போது நமக்கு 70தான், அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அதற்காக ஊரின் எழுத்தை எம், கே என்று எழுதி வைப்பதா?

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

அப்பா கூத்துப் பழக்கும் அண்ணாவியார். அவர் கொப்பியில் எழுதி வைத்திருந்த தென்மோடிக் கூத்து ஒன்றை 2003இல் டவுனில் ஒரு கடையில் கொடுத்து அடிப்பித்தோம். கொப்பி 2004 டிசம்பர் 26இல் கல்லடி வீட்டோடு போனது. சீடி செங்கலடியில் அத்தை வீட்டில் இருந்ததால் தப்பியது. அப்பா 2012இல் கண்ணை மூடினார். அதற்கு இரண்டு வருசம் கழித்துத்தான், இளைய மருமகன் ஆட வேண்டும் என்று கேட்க, சீடியிலிருந்து கணினி மாறி மாறி நகலெடுத்து வைத்திருந்த கோப்பைத் திறந்தேன். முழுக்க ஆங்கில எழுத்து. பாமினி போட்டுப் பார்த்தேன், பாதி பொருந்தவில்லை. அந்தக் கடைக்காரர் எழுத்துருவைத் தன் வசதிக்குத் திருத்தி வைத்திருந்திருக்கிறார். கடை இப்போது இல்லை, எழுத்துருவும் இல்லை.

நான்கு மாதம், இரவில் இருந்து, எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். அந்த மாதிரி எழுத்துருவில் மொத்தம் 256 இடம்தான். அதில் ஆங்கில எழுத்துகள் இருக்கும் கீழ் 128க்குள் இருந்ததெல்லாம் மீண்டது. மேல் 128இல் அவர் வைத்திருந்த சில எழுத்துகள் நகலெடுத்த வழியில் எங்கோ கேள்விக்குறியாக மாறியிருந்தன. ஒன்பதை ஓசையை வைத்து நிரப்பினேன். அப்பாவோடு ஆடிய பெரியப்பாவிடம் மிச்சத்தைப் பாடிக் காட்டினேன். ஒரு கேள்விக்குறி வந்ததும் அவர் வாயைத் திறந்தார், தாளத்தை மடியில் தட்டினார், சொல் வரவில்லை. "உன்ர அப்பாவுக்குத்தான் மனே தெரியும்" என்றார்.

இரண்டாம் விருத்தத்தில் இரண்டு கேள்விக்குறி இன்னும் இருக்கின்றன. மருமகன் அந்த இடத்தில் பாடாமல் தாளத்தை மட்டும் விட்டு ஆடுகிறான்.