கோழியைக் கோடி என்று வாசித்த பையனுக்காக

விழா மேடையில் ஒரு பையன் தமிழ் வாசித்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்று தெரியும். சனிக்கிழமை ராத்திரியிலிருந்து எனக்கு மட்டும் ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். நான் அதை இங்கே பகிரப் போவதில்லை. அதில் பத்து வயதுப் பையன் ஒருவனின் முகம் தெளிவாகத் தெரிகிறது.

அவன் மைக்கில் கோழியைக் 'கோடி' என்று வாசித்ததும், சிறப்பு விருந்தினர் ஐயா மைக்கை வாங்கி "எத்தனை கோடிடா?" என்று கேட்டதும், பந்தலே சிரித்ததும் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைப் பிறகு பேசுகிறேன். அடுத்து அவர் பேசியதுதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. "தமிழ் சொல்லித்தர எதுக்குங்க மேல்படிப்பு? தமிழ் தெரிஞ்சா பத்தாதா? இப்ப என்னமோ இரண்டாம் மொழிக் கல்வின்னு எம்.எட்.ல ஆராய்ச்சியெல்லாம் பண்றாங்களாம்." அந்தக் கடைசி வரி யாருக்குச் சொன்னது என்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தவர்களுக்கும் தெரியும்.

பத்தாது ஐயா. தமிழ் தெரிந்தால் பத்தாது. தமிழ் தெரிவது வேறு, வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்குத் தமிழ் சொல்லித் தருவது வேறு. மாம்பழம் சாப்பிடத் தெரிந்த எல்லோருக்கும் ஒட்டுக் கட்டத் தெரியுமா? சந்தூர்ப் பக்கம் நாற்றுப்பண்ணையில் வேலை செய்கிறவரிடம் போய், 'இதுக்கெதுக்குத் தனியா கத்துக்கணும், மாங்காய் தெரிஞ்சா பத்தாதா' என்று கேட்டுப் பாருங்கள். வேர்ச்செடி எது, மேலே வைக்கிற குச்சி எது என்று தெரியாமல் கத்தியை வைத்தால் இரண்டும் காய்ந்துவிடும் என்பார். எம்.எட்.இல் நான் படிக்கும் இரண்டாம் மொழிக் கல்வியும் அதைத்தான் சொல்கிறது. வீட்டு மொழி வேர். பள்ளித் தமிழ் மேலே வைக்கிற ஒட்டு.

அந்தப் பையனுடைய வீட்டு மொழி தெலுங்கு. தெலுங்கில் கோழிக்குப் பெயரே 'கோடி'தான். ஏழு என்பது அங்கே 'ஏடு'. தமிழில் ழ வருகிற இப்படிப்பட்ட சொற்களில் தெலுங்கில் ட வருகிறது. கன்னடத்தில் அதே இடத்தில் ள வரும்: கோளி, ஏளு. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து எல்லை ஊர்களான வேப்பனப்பள்ளியிலும் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி கோடி என்பாள், இன்னொருத்தி கோளி என்பாள். தமிழ் மட்டும் தெரிந்த ஆசிரியருக்கு இரண்டும் ஒரே தப்பு. 'நாக்கு வரல', 'கவனம் இல்ல' என்று முடித்துவிடுவார். உண்மையில் இரண்டு பிள்ளைகளும் அவரவர் வீட்டில் மிகச் சரியாகக் கற்றதைத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இன்னொன்று சொல்கிறேன். கன்னட வீட்டுப் பிள்ளை ஒருத்தி வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம், "டீச்சர், நாம் வீட்டுக்குப் போறோம்" என்றாள். "நானுமா வரணும்?" என்று அவர் கேட்க, வகுப்பே சிரித்தது. நான் ஆய்வுக்காகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தமிழில் நாம் என்றால் கேட்பவரும் சேர்த்தி, நாங்கள் என்றால் கேட்பவர் சேர்த்தி இல்லை. தெலுங்கிலும் மனம், மேமு என்று இந்த வித்தியாசம் உண்டு. இன்றைய கன்னடத்தில் இல்லை, இரண்டுக்கும் 'நாவு' ஒன்றுதான். அந்தப் பிள்ளையின் வீட்டு மொழியில் இல்லாத ஒரு கோட்டை அவள் எங்கிருந்து பார்ப்பாள்? பத்து நிமிடம் உட்கார்ந்து அந்தக் கோட்டைக் காட்டினால் பிடித்துக்கொள்வாள். யாரும் காட்டவில்லை. அதற்குப் பிறகு நான் அங்கே போன மூன்று வாரமும் அவள் தானாக வாயைத் திறந்து நான் கேட்கவில்லை. அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை, நல்ல மனுஷி. அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தமிழ் தெரிந்தது பத்தவில்லை.

இப்போது என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாம் வகுப்பில் 'என் அம்மா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். என் வீட்டில் தெலுங்கு. அம்மா மாங்கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போவார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து விடியற்காலை வந்து எனக்குத் தலை பின்னிவிடுவார், கையெல்லாம் மாம்பழ வாசனையாக இருக்கும். அதையெல்லாம் எழுதினேன். 'அம்மா வந்தது. அம்மா எனக்குத் தலை பின்னியது. அம்மா சாப்பிடாமல் தூங்கியது.' நோட்டு திரும்பி வந்தபோது ஒவ்வொரு 'தது'வையும் 'யது'வையும் சுற்றிச் சிவப்பு வட்டம். மேலே, 'பெற்ற தாய்க்கு மரியாதை தரத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. வகுப்பில் எழுந்து நிற்கவைத்து வாசிக்கவும் வைத்தார்கள். நான் என் அம்மாவை மரியாதை இல்லாமல் எழுதினேனா என்று யோசித்து யோசித்து அன்று ராத்திரி ஜுரமே வந்துவிட்டது. அம்மாவிடம் நோட்டைக் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் அவருக்கு வாசிக்கத் தெரியாது.

தெலுங்கில் ஒருமை வினைக்கு இரண்டு முடிவுதான். ஆணுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. தம்பி வந்தால் 'வச்சாடு'. அம்மா வந்தாலும் பஸ் வந்தாலும் 'வச்சிந்தி'. அதில் மரியாதைக் குறைவு துளியும் இல்லை, அந்த மொழியின் இலக்கணமே அது. வந்தாள், வந்தது என்று தமிழ் பிரிக்கிற இடத்தில் தெலுங்கு பிரிப்பதில்லை. இது எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? எம்.எட். முதல் ஆண்டில், நூலகத்தில், இரண்டு மொழி வினைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த அன்று. பதினாறு வருஷம் கழித்து. பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் அழுதேன். நான் பிளஸ் டூ முடித்தேன், தமிழிலேயே பட்டம் வாங்கினேன், பி.எட். முடித்தேன், நான்கு வருஷம் தனியார் பள்ளியில் தமிழ் நடத்தினேன். ஒருவர் கூட இதை எனக்குச் சொல்லவில்லை. அந்த நான்கு வருஷத்தில் நானும் எத்தனை 'வந்தது'வைச் சிவப்பில் சுழித்திருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

நம் ஊர்ப் பேச்சிலேயே 'அக்கா வந்துச்சு' உண்டே என்று ஒருவர் கேட்பார். உண்டு. பேச்சில் பாசமாக ஏற்கிற அதையே தேர்வுத்தாளில் மரியாதைக் குறைவு என்று நாம் சுழிக்கிறோம். அந்தப் பிள்ளைக்குக் குழப்பம் அங்கேதான் இரட்டிப்பாகிறது.

'தப்பைத் தப்பென்று சொல்லாமல் கொஞ்சணுமா?' என்று நேற்றே ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். கொஞ்சச் சொல்லவில்லை. தப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967இலேயே, மாணவனின் பிழைதான் அவன் எவ்வளவு கற்றிருக்கிறான் என்பதற்குச் சாட்சி என்று எழுதினார். 1972இல் செலின்கர் என்ற இன்னொரு மொழியியலாளர், அப்படிப் பிழையோடு வரும் பேச்சுக்கு ஒரு பெயரே வைத்தார். தமிழில் இடைமொழி என்கிறோம். வீட்டு மொழியிலிருந்து புது மொழிக்குப் போகும் வழியில் பிள்ளை தானே கட்டிக்கொள்ளும் ஒரு மொழி, அதற்கும் ஒழுங்கு உண்டு என்பது அவர் கருத்து. என் ஆய்வுக்காக 40 பிள்ளைகளின் நோட்டுகளை வைத்துக்கொண்டு நான் தேடுவது அந்த ஒழுங்கைத்தான். 'என்னமோ ஆராய்ச்சி' என்று மேடையில் சொல்லப்பட்டது இதுதான்.

'எங்க பாட்டி சந்தையிலேயே தெலுங்கும் கன்னடமும் கத்துக்கிச்சு, எந்தக் காலேஜுக்குப் போச்சு?' என்றும் கேட்கிறார்கள். என் பாட்டியும் அப்படித்தான். ஓசூரில் மூன்று மொழி பேசாத கடைக்காரர் அபூர்வம். ஆனால் சந்தையில் யாரும் பாட்டிக்கு எதுகை மோனை எழுதச் சொல்லவில்லை, பத்தாம் வகுப்புத் தேர்வு வைக்கவில்லை. கனடாவில் குடியேறிய குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் இதைத்தான் பிரித்துக் காட்டினார். விளையாட்டிலும் கடையிலும் பேசுகிற அளவுக்கு வர ஏறக்குறைய 2 ஆண்டு போதும். பாடப்புத்தக மொழியில் மற்ற பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டு வரை ஆகும். நம் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 'இவன் நல்லாத்தானே பேசுறான், எழுத மட்டும் சோம்பேறித்தனம்' என்று இனி எந்தப் பிள்ளையையும் சொல்லாதீர்கள்.

எம்.எட். முடித்தால் சம்பளம் ஏறும், அதற்காகத்தான் என்றும் ஒரு பேச்சு. வேலையை விட்டுவிட்டுப் படிக்கிறேன். இதற்கு மேல் பதில் இல்லை.

நான் கேட்க விரும்புவது இதுதான். ஆங்கிலம் சொல்லித்தர மேல்படிப்பு எதுக்கு என்று யாராவது மேடையில் பேசியதுண்டா? ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர 1958இலேயே ஹைதராபாத்தில் ஒரு மத்திய நிறுவனம் வந்தது. இன்று அது பல்கலைக்கழகம். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் சாதாரணப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லித்தர ஒரு சோதனையே நடத்தினார். இலக்கணத்தை முதலில் திணிக்காமல், ரயில் அட்டவணையைப் படிப்பது, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது என்று வேலை கொடுத்து, பிள்ளையின் மனம் அர்த்தத்தில் இருக்கும்போதே மொழியைப் பிடிக்கவைக்கிற முறை அது. இரண்டாம் மொழிக் கல்வி படிக்கிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஆங்கிலத்துக்கு இதெல்லாம் செய்தால் அது கல்வி. தமிழுக்குச் செய்தால் மட்டும் ஏன் சிரிப்பு? தமிழைக் குறைவாக நினைப்பது நானா, தமிழுக்குப் படிப்பே வேண்டாம் என்கிறவரா?

'தெலுங்குக்காரி, அதான் தமிழ் கஷ்டம்னு பேசுறா' என்று ஒரு கமெண்ட் வந்தது. அழித்துவிட்டேன். ஆனால் பதில் சொல்லாமல் போக மனமில்லை. தமிழ் கஷ்டம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தமிழ்தான் எனக்குச் சோறு போட்டது. 2006இல் தமிழ்க் கற்றல் சட்டம் வந்து, முதல் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறிப் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயமானது. எல்லைப் பிள்ளைகளும் தமிழ் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. படிக்கவைப்பது என்று முடிவெடுத்தால், எப்படிப் படிக்கவைப்பது என்று தெரிந்தவர்கள் வேண்டாமா? இன்று ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடமும் 'தமிழ் தெரிஞ்சா பத்தாதா' என்று கையை விரிக்கப் போகிறோமா?

பெற்றோர் கூட்டத்துக்கு என் அம்மா வந்தபோது, 'வீட்டில் தமிழ் பேசுங்கம்மா, அப்பதான் பொண்ணு உருப்படும்' என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அம்மா எனக்குக் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். அவருக்குத் தமிழில் கதை சொல்ல வராது. தெலுங்கில் சொன்னால் என் படிப்பு கெட்டுவிடும் என்று பயந்தார். வீட்டு மொழி வலுவாக இருந்தால்தான் இரண்டாம் மொழியும் வலுவாக ஏறும் என்று நான் இப்போது படிக்கிறேன். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். 'அப்பவே யாராச்சும் சொல்லியிருக்கலாமே' என்று தெலுங்கில் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஐயாவிடம் நான் மன்னிப்பு கேட்கவில்லை, அவர் கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவர் நாற்பது வருஷம் பாடம் நடத்தியவர், அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் மைக்கைப் பிடுங்கியபோது அந்தப் பையன் கையில் இருந்த தாள் நடுங்கியதை நான் பார்த்தேன். மீதி நான்கு வரி அவன் வாசிக்கவே இல்லை. அந்த நான்கு வரியையும் அவன் நன்றாக மனப்பாடம் செய்திருந்தான் என்று அவனுடைய அக்கா சொன்னாள்.

அந்த வீடியோவை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். ஸ்டேட்டஸில் போட்டவர்கள் இப்போதே எடுத்துவிடுங்கள். அவன் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.